வேலிக்கு வெளியே ஒரு கை

பக்கத்து வீட்டு மாடியில் குடியிருக்கும் தாதிப் பயிற்சி மாணவி ஒருத்தி, போன மாதம் பளபளவென்று ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஊசி போட்டது, காயம் கட்டியது, பிரசவம் பார்த்தது என்று ஒவ்வொரு வேலைக்கும் அதில் தனித்தனிப் பக்கம். எத்தனை முறை செய்தாய், யார் பார்த்தார்கள், கையெழுத்து எங்கே என்று கட்டங்கள். ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“ஆன்ட்டி, ஒரே ஒரு சைன்தான் லா. நாளைக்குக் குடுக்கணும். நீங்க பழைய சிஸ்டர்தானே, யாரு கேக்கப் போறா?”

“நீ செஞ்சியா?” என்றேன்.

“பார்த்தேன் ஆன்ட்டி. அதுவும் செஞ்ச மாதிரிதானே!”

எனக்கு வந்ததே கோபம்! என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. பாவம், பிள்ளை புத்தகத்தைக்கூட மறந்துவிட்டு ஓடிப்போனாள். அவள் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து தெருவில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பதை அவளுக்குச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்தால் படிக்கட்டும்.

நான் மலாக்காவில் பஸ் கண்டக்டர் மகள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ரப்பர் தோட்டங்களுக்கான ஒரு பொது ஆஸ்பத்திரியில் பிரசவத் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. காட்டில் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள், ரோட்டில் ராணுவ லாரி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று பெண்களின் பையை மட்டுமல்ல, கொண்டையைக்கூடத் தடவிப் பார்ப்பார்கள். பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பெட்பேன் கழுவினோம், துணி அவித்தோம், திட்டு வாங்கினோம், மறுபடியும் கழுவினோம். இரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது. மறக்க முடியாதது கேஸ் புத்தகம் ஒன்றுதான்.

கறுப்பு அட்டை, முதுகில் சிவப்புத் துணி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று கட்டம். பார்த்தது, உதவியது, செய்தது. நான்கு பார்த்தால்தான் உதவ விடுவார்கள். சாதாரண வேலை என்றால் ஐந்து, ஆபத்தான வேலை என்றால் இரண்டு உதவி எழுதியிருந்தால்தான், பெரியவர் ஒருவர் சொன்னால் நாமே செய்யலாம். அந்தக் கட்டங்கள் நிரம்பாமல் பரீட்சைக்குப் போக முடியாது. நோயாளி பெயர், கணவர் பெயர், லயத்து எண் எல்லாம் எழுத வேண்டும். கணவர் பெயரைக் கேட்டால் நம் பெண்கள் சொல்வார்களா? வலி உயிர் போகும்; அப்போதும் பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்து, “நீ சொல்லுக்கா” என்பார்கள்.

புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் சிஸ்டர் செல்லம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, ஆனால் நாங்கள் எல்லோரும் அவரிடம் நடுங்கினோம். சத்தம் போட மாட்டார். எங்களை “நீர்” என்றுதான் சொல்வார். அந்த “நீர்” வந்தாலே கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்போம். கை கழுவ நின்றால் மார்பில் குத்தியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் நகக்கண்களைத் தேய்ப்பார். ஆஸ்பத்திரியே தீப்பிடித்தாலும் மூன்று நிமிடம் மூன்று நிமிடம்தான்.

அவர் கையெழுத்து வாங்குவது லேசான காரியமில்லை. புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். எந்தக் கை உள்ளே போனது? பனிக்குடத்துத் தண்ணீர் என்ன நிறம்? தாய் என்ன சொன்னாள்? முதல் இரண்டையும் யாரிடமாவது கேட்டு ஒப்பித்துவிடலாம். மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்வோம். என்னோடு படித்த ஒருத்தி, “தாய் ஒண்ணுமே சொல்லல சிஸ்டர்” என்றாள்.

“பிள்ளை பெறுகிற பொம்பிளை ஒண்டும் சொல்லேல்லையோ? அப்ப நீர் அங்கை நிக்கேல்லை” என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்பேர்ப்பட்டவரையே நான் ஏமாற்றினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முப்பத்தொன்றாம் எண் வேலை, நஞ்சு எடுப்பது. பிள்ளை பிறந்த பிறகும் நஞ்சுக்கொடி விழாமல் கர்ப்பப்பையில் ஒட்டிக்கொண்டால், கையை உள்ளே விட்டு உரித்து எடுக்க வேண்டும். வழக்கமாக டாக்டர் செய்கிற வேலை. தோட்டங்களில் டாக்டர் வருவதற்குள் ரத்தம் போய்விடும் என்பதால் எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அடிக்கடி வருகிற கேஸ் இல்லை. நான்கு பார்த்திருந்தேன், ஒன்றில் உதவியிருந்தேன். இரண்டாவது கேஸ் வந்த அன்று, லீவு முடிந்து மலாக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸை வழியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்து, ரத்தக் கிண்ணம் மட்டும் கிடந்தது. நான்தான் அதைக் கழுவினேன். கிண்ணம் கழுவியதும் உதவிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஆயாவிடம் விவரம் கேட்டு, ‘உதவியது’ கட்டத்தில் எழுதிவிட்டேன்.

அந்த வாரம் ஒரு லாரி சுடப்பட்டு, காயம்பட்டவர்களால் வார்டு நிறைந்திருந்தது. சிஸ்டர் மூன்று நாள் கண் மூடவில்லை. பத்துப் புத்தகங்களை அடுக்கி வைத்தோம். கேள்வியே கேட்காமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். என் புத்தகமும் அதில் போனது. அப்பாடா என்று இருந்தது எனக்கு!

அதற்குப் பிறகு கடைசி ஆறு மாதப் பயிற்சிக்காக, சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு தோட்டத்து மருந்தகத்துக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே டிரசர் ஒருவர் இருந்தார். காயம், காய்ச்சல் எல்லாம் அவர் பார்ப்பார். பிரசவம் என் பங்கு; லயத்தில் எல்லோருக்கும் நான் ‘மிஸ்ஸி’. வாரம் ஒருமுறை சிஸ்டர் செல்லம்மா ஆஸ்பத்திரி வேனில் வந்து என் வேலையைப் பார்ப்பார்.

அவர் வரவேண்டிய ஒரு நாள் காலை, திடீரென்று ஊரடங்கு போட்டார்கள். பக்கத்துக் காட்டை ராணுவம் சல்லடை போட்டுத் தேடுகிறதாம். லயத்து வேலிக் கதவைப் பூட்டி, சாவியை ராணுவ அதிகாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பும்வரை யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. வேலியைத் தாண்டினால் சுட உத்தரவு. டிரசர் முதல் நாளே மருந்து வாங்க மலாக்காவுக்குப் போனவர், வெளியே மாட்டிக்கொண்டார். உள்ளே மருத்துவம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பதினொரு மணிக்கு அஞ்சலைக்குப் பிள்ளை பிறந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், கேலிக்காரி, நாலாவது பிள்ளை. கால் மணி நேரத்தில் சுகமாக முடிந்துவிட்டது. பெண் குழந்தை, நல்ல தொண்டை. ஆனால் நஞ்சு விழவில்லை. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. ஊசி போட்டேன், வயிற்றைத் தடவிக் கொடுத்தேன். பிறகு ரத்தம் வரத் தொடங்கியது. முதலில் கசிவு, அப்புறம் கட்டி கட்டியாக. அஞ்சலை உதடு வெளுத்துப்போய், “மிஸ்ஸி, காது அடைக்குது” என்றாள். நாடி பிடித்தேன். எண்ண முடியாத வேகத்தில் நூலாக ஓடியது.

அந்த நேரத்தில்தான் கதவுப் பக்கம் வேன் சத்தம். பக்கத்து வீட்டு அக்காவை அஞ்சலையோடு இருக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் செல்லம்மா, கையில் பையோடு. இந்தப் பக்கம், கதவுக்குள்ளே, காசிம் என்ற மலாய்க் காவல்காரன், இளவட்டம், துப்பாக்கியோடு. “தா போலே, மிஸ்ஸி, தா போலே” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். முடியாது, முடியாது. சாவி அவனிடம் இல்லை. விட்டால் அவன் வேலையும் போகும், ஜெயிலும் கிடைக்கும். அழாத குறைதான்.

நான் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். சிஸ்டர் கதவைப் பார்த்தார், காசிமைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“முப்பத்தொண்டு. உதவினது எத்தினை?”

புத்தகம் மருந்தகத்தில் இருந்தது. ‘இரண்டு’ என்று அதில் எழுதியிருந்தது, அவர் கையெழுத்தோடு. இரண்டு என்றால் நான் செய்யலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு என்றுதான் சொல்ல வந்தேன். வாயில் வந்தது வேறு.

“ஒண்ணுதான் சிஸ்டர். இன்னொண்ணு பொய். அன்னிக்கு நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நான் கிண்ணம் மட்டும்தான் கழுவுனேன்.”

திட்டுவார் என்று நின்றேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு வேலியின் கீழ்வரிக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு கம்பிக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

“அவவை இஞ்சை கொண்டுவாரும். கெதியாய். வேலியோடை கிடத்தும்.”

“இங்கேயா சிஸ்டர்?”

“ஓம், இஞ்சைதான். கதவுப் பலகையைக் கழட்டி, அதிலை வைச்சுத் தூக்கச் சொல்லும். ரெண்டு சட்டி கொதித்தண்ணி வேணும். கெதியாய்!”

லயத்து ஆண்கள் நாலு பேர் வீட்டுக் கதவையே பெயர்த்து, அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் கொடியில் காய்ந்த சேலைகளை உருவிக்கொண்டு வந்து, சுற்றிலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் செம்மண்ணில் சிஸ்டர் முழங்காலிட்டார். வெள்ளைக் கவுன், அந்த மண்ணில்! இடது கை சட்டையைத் தோள்வரை சுருட்டினார். காசிம் ஓரடி முன்னால் வந்தான். அவர் நிமிர்ந்து பார்த்து, “தாங்கான் சஹாஜா” என்றார். கை மட்டும்தான்.

காசிம் அவரைப் பார்த்தான், கம்பிக்குள் நீட்டப்போகும் கையைப் பார்த்தான். கைக்கு உத்தரவு ஒன்றும் இல்லை என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நின்றான். சிஸ்டர் கம்பி வழியாக, நரம்பில் ஏற்றும் உப்புநீர்ப் பாட்டிலை நீட்டி, பிடித்துக்கொள்ளச் சொன்னதும், முகத்தைத் திருப்பியபடியே வந்து கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டான். கடைசிவரை அந்தக் கையைக் கீழே இறக்கவில்லை.

பாட்டிலின் குழாயை அஞ்சலையின் கை நரம்பில் ஏற்றி, சிஸ்டர் தந்த மயக்க ஊசியையும் போட்டேன். பிறகு கை கழுவினேன். அந்தப் பக்கம் அவரும் கழுவினார். மூன்று நிமிடம். ரத்தம் பலகையில் வழிந்துகொண்டிருக்கிறது, இந்த மனுஷி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நகக்கண்ணைத் தேய்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் நிறுத்தவில்லை, என்னையும் நிறுத்த விடவில்லை.

பிறகு அவருடைய கை கம்பிக்குள் வந்தது. முள் கிழித்தது, ரத்தம் கோடாக இறங்கியது, அவர் கவனிக்கவே இல்லை. அஞ்சலையின் அடிவயிற்றில் உள்ளங்கையைப் பதித்து, கர்ப்பப்பையை மேலிருந்து பிடித்துக்கொண்டார்.

“நான் பிடிச்சிருக்கிறன். இப்ப கொடி வழியே உள்ளே போம். கொடியை இழுக்காதையும், அது வழி காட்ட மட்டும்.”

உறை மாட்டிய என் வலது கையைக் குவித்து உள்ளே விட்டேன். கொடியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரி போனேன். சூடு. இவ்வளவு சூடு மனித உடம்புக்குள் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அஞ்சலை அரை மயக்கத்தில், “ஒரு கை உள்ள, ஒரு கை மேல... என்னைய என்ன ஆட்டுக்கல்லுன்னு நெனச்சீங்களா?” என்று முனகினாள். சேலை பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி சிரித்து, உடனே அழுதாள்.

கை உள்ளே மெத்தென்று ஒரு பிண்டத்தைத் தொட்டது. கிடைத்துவிட்டது! விரல்களை மடக்கிப் பிடித்தேன், மெதுவாக இழுத்தேன். வந்தது. என் கையோடு கீழே வந்தது.

“விடும்!”

வாழ்நாளில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

“விடும், விடும்! நீர் இழுக்க என்ரை கைக்குக் கீழே பையே இறங்குது. நஞ்சு தனியா வரேல்லை, பையும் சேர்ந்து வருது. கையை விரியும். வெளியிலை எடுக்காதையும்.”

விரல்களைப் பிரித்தேன். மேலே, தோலுக்கு வெளியே, அவர் விரல்கள் நகர்வது எனக்குத் தெரிந்தது. எப்படிச் சொல்வேன்! அஞ்சலையின் வயிற்றுச் சுவர் நடுவில் இருக்க, உள்ளே இருக்கும் என் விரல் நுனியை வெளியே இருந்து அவர் விரல் வந்து தொட்டது. முள்கம்பி, பூட்டு, உத்தரவு எல்லாவற்றையும் தாண்டி, ஒரு பெண்ணின் உடம்புக்குள் நாங்கள் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டோம். நாற்பது வருடத்தில் எத்தனையோ பிரசவம் பார்த்துவிட்டேன். அந்தத் தொடுதலை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது.

“என்ரை விரல் தெரியுதோ?”

“தெரியுது சிஸ்டர்.”

“அதுக்கு நேரா வாரும். சுண்டுவிரல் பக்கத்தாலை ஓரத்தைத் தேடும்.”

கல்லில் ஒட்டிக்கொண்ட தோசைக்கு ஓரம் தேடுகிற மாதிரிதான். தேடினேன். இல்லை, இல்லை, இல்லை. பிறகு நகத்தளவு ஒரு விளிம்பு கிடைத்தது. கையின் பக்கவாட்டால் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே போனேன். அவர் கை வெளியே கூடவே வந்தது. “ஓம். ஓம். அப்பிடித்தான். அவசரப்படாதையும்.” முழுதும் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. “இப்ப கொண்டுவாரும்” என்றார். கொண்டுவந்தேன். அடுத்த கணம் அவர் கைக்குக் கீழே கர்ப்பப்பை தேங்காய் போல இறுகியது. ரத்தம் நின்றது.

நஞ்சை எனாமல் கிண்ணத்தில் வைத்து, கம்பி ஓரமாக நீட்டினேன். துண்டு ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முழுதாக இருந்தது. அதன்பிறகுதான் கையை வெளியே இழுத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஐந்தாறு கீறல். காசிம் அப்போதும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு அதிகாரி வந்து கதவைத் திறந்தார். அஞ்சலையை வேனில் ஏற்றி மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு வாரத்தில் சோகையோடு, வாயாட்டம் மட்டும் குறையாமல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அதற்கு முன்பே சிஸ்டர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கையில் கட்டுப் போட்டிருந்தார். மேசைமேல் என் கேஸ் புத்தகம். பாராட்டுவார் என்றுதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை. முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தார். என் பொய் வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். அதன் கீழே ஆங்கிலத்தில் அவர் கையெழுத்து: ‘இதை நான் பார்க்கவில்லை. கேட்காமல் கையெழுத்திட்டது என் தவறு.’ இதை அப்படியே தலைமைத் தாதியான மேட்ரனுக்கும் எழுதி அனுப்பிவிட்டாராம். எனக்கு அந்த முறை பரீட்சை இல்லை, அடுத்த முறைதான். அவருக்குக் கிடைக்க இருந்த மேல்பதவியும் நின்றுபோயிற்று. அதை அவர் சொல்லவில்லை. பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“உண்மையச் சொன்னதுக்கு இதுதானா சிஸ்டர்? நான் ரெண்டுன்னு சொல்லிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பரீட்சைக்கும் போயிருப்பேன்.”

அவர் கோபப்படவில்லை. கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டார்.

“ஓம். நீர் ரெண்டு எண்டு சொல்லியிருந்தால், ‘உள்ளே போய்ச் செய்யும்’ எண்டு சொல்லியிருப்பன். அந்தச் சொல்லு என்ரை வாயிலை வந்திட்டுது. அவவை வேலிக்குக் கொண்டுவரச் சொல்லுற யோசனையே எனக்கு வந்திராது. நீர் வீட்டுக்குள்ளே தனிய இருந்து இழுத்திருப்பீர். ‘விடும்’ எண்டு சொல்ல ஆரும் இருந்திருக்க மாட்டினம். நான் வெளியிலை வெயிலிலை நிண்டு, என்ரை கையெழுத்தை நம்பிக்கொண்டு நிண்டிருப்பன்.”

என் வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் தானாக மடங்கின. அன்றைக்குப் பிண்டத்தைப் பிடித்த அதே மாதிரி மடங்கின. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

மேசையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். “இங்க எழுதலாமா சிஸ்டர்?” என்று கேட்டு, அவர் கையெழுத்துக்குக் கீழே என் பெயரையும் எழுதினேன்.